50 லட்ச ரூபாய் சொகுசு கார்: வரி, தெரு, தண்ணீர் என்று ஒரு வடசென்னைக் கணக்கு

2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. எஸ்.யூ.வி. வகைப் பெரிய கார்களுக்கு 50 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதமானது. அன்றிலிருந்து பலருக்கும் ஒரு கேள்வி: 10 சதவீதம் குறைந்தால் 50 லட்ச ரூபாய் காருக்கு 5 லட்சம் குறைய வேண்டுமே, ஷோரூமில் ஏன் மூன்று லட்சத்துச் சொச்சம்தான் குறைத்தார்கள்? கம்பெனிக்காரன் மீதியை விழுங்கிவிட்டானா? விழுங்கவில்லை. கணக்கே அப்படித்தான் வரும்; அதைக் கீழே பார்ப்போம்.

விலை குறைந்த செய்தியோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ., பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, வால்வோவின் சின்ன எலக்ட்ரிக் கார் எல்லாம் ஏறக்குறைய ஒரே பட்ஜெட்டில் நிற்கின்றன. எதை எடுப்பது? வீடியோ ஒப்பீடுகளில் இந்தக் கார்கள் காலியான நெடுஞ்சாலையில் பறக்கின்றன. நம் பக்கத்தில் இவை ஓடப்போவது தங்கச்சாலையிலும், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும். அதனால் இந்தக் கட்டுரையில் லோகோ கடைசியில்தான் வரும்.

'காம்பேக்ட் லக்சுரி' என்றால் என்ன?

பெயரில் காம்பேக்ட் இருந்தாலும் இவை சின்ன வண்டிகள் இல்லை. ஜி.எல்.ஏ., எக்ஸ்1, க்யூ3 மூன்றும் சுமார் 4.4 முதல் 4.5 மீட்டர் நீளம். ஹோண்டா சிட்டியைவிடக் கொஞ்சம் குட்டை, கிரெட்டாவைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அந்தந்த பிராண்டின் மற்ற கார்களோடு வைத்துப் பார்க்கும்போது சின்னது என்பதுதான் பொருள்.

அளவைவிட முக்கியமான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ் போன்ற கார்களில் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைத் தள்ளும். காம்பேக்ட் வகையில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்து, பெரும்பாலான மாடல்களில் முன்சக்கரத்தை இழுக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சாதாரணக் கார்களும் இதே அமைப்புதான். இடம் மிச்சம், செலவு குறைவு. 'பி.எம்.டபிள்யூ ஓட்டும் சுகமே தனி' என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் பின்சக்கர வண்டியைப் பற்றி. அந்தச் சுகத்தை எதிர்பார்த்து எக்ஸ்1 வாங்குபவர், தான் கேள்விப்பட்டது வேறு வகைக் காரைப் பற்றி என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று, பகிர்வு. இந்த விலையில் எந்தக் கம்பெனியும் எல்லாவற்றையும் தனக்கென்று தனியாகச் செய்துகொள்ள முடியாது.

1. ஜி.எல்.ஏ. 200இல் இருக்கும் 1,332 சி.சி. பெட்ரோல் என்ஜின் (163 குதிரைத்திறன்) மெர்சிடிஸும் ரெனோ-நிசானும் சேர்ந்து உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. 2020இல் இங்கே விற்ற டஸ்டர் டர்போவிலும் நிசான் கிக்ஸிலும் இதே குடும்பத்து என்ஜின்தான். அந்த இரண்டு வண்டிகளும் ஒரகடத்தில் தயாரானவை.

2. 2022இல் இந்தியாவுக்கு வந்த ஆடி க்யூ3, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பொது அடித்தளத்தில் (பல கார்களுக்கும் பொதுவான அடிச்சட்டகத்தில்) நிற்கிறது. அதன் 1,984 சி.சி. பெட்ரோல் என்ஜின் (190 குதிரைத்திறன்) ஸ்கோடா கோடியாக்கிலும் வந்தது.

3. பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 பெட்ரோலில் இருப்பது 1,499 சி.சி., மூன்று சிலிண்டர், 136 குதிரைத்திறன். மினி கார்களும் இதே அடித்தளக் குடும்பம்தான்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. என்ஜின் ஒன்றாக இருந்தாலும் சத்தத் தடுப்பு, சஸ்பென்ஷன், இருக்கை, கதவு மூடும் சத்தம், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் வேறு. ஆனால் "என்ஜினே தனி ரகம் சார்" என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் அதிகப்படியாகக் கொடுக்கும் பணம் என்ஜினுக்குப் போவதில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது?

ஒரு பெரிய பகுதி அரசுக்கு. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 5 லட்சம் கேள்வி. 40 சதவீதம், 50 சதவீதம் என்பதெல்லாம் ஷோரூம் விலையில் போடும் விகிதம் இல்லை. வரிக்கு முந்தைய விலையில் போடுவது. வரிக்கு முன் 100 ரூபாய் என்றால் பழைய விலை 150, புதிய விலை 140. 150இல் 10 குறைந்தால் அது 6.67 சதவீதம். ஆகவே 50 லட்சம் கார் சுமார் 46.67 லட்சம் ஆகும், குறைவு 3.33 லட்சம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய முறையில் எல்லாப் பெரிய கார்களுக்கும் 50 கிடையாது. 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு காரின் வகையைப் பொறுத்து 17, 20 அல்லது 22 சதவீத செஸ் (ஜி.எஸ்.டி.க்கு மேல் போட்ட கூடுதல் வரி) சேரும். நீளம் 4 மீட்டருக்கு மேல், என்ஜின் 1,500 சி.சி.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று எல்லாம் சேர்ந்த எஸ்.யூ.வி.க்குத்தான் 22. மொத்தம் 45 கட்டிய காருக்கு இப்போது 40 என்றால் விலைக் குறைவு மூன்றரை சதவீதத்துக்கும் கீழேதான். பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு அதிகம் குறைந்தது, எனக்குக் குறையவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

'சின்ன காருக்கு 18 சதவீதம்தானே?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சலுகைக்கு நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடவே பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். மூன்று கதவு மினி கூப்பர் எஸ் நீளத்தில் 3.88 மீட்டர்தான், ஆனால் என்ஜின் 1,998 சி.சி. என்பதால் 40 சதவீதத்தில் விழுகிறது. ஆக, சொகுசு பிராண்டின் பெட்ரோல், டீசல் கார் எதுவும் அந்த 18க்குள் வராது.

அடுத்தது மாநிலத்தின் ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இது உயர்ந்தது. காரின் விலை 10 முதல் 20 லட்சம் வரை என்றால் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஷோரூம் விலை 50 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

1. வரிக்கு முந்தைய விலை: 35.71 லட்சம்
2. ஜி.எஸ்.டி. 40 சதவீதம்: 14.29 லட்சம்
3. ஆயுள் வரி 20 சதவீதம்: 10 லட்சம்

35.71 லட்ச ரூபாய் காருக்கு 24.29 லட்சம் வரி. கிட்டத்தட்ட 68 சதவீதம். இதற்கு மேல் இன்ஷூரன்ஸ் தனி. 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு டீலர் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத டி.சி.எஸ். தொகையும் உண்டு, அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும், அதனால் நஷ்டத்தில் சேர்க்க வேண்டாம். கணக்கு தாக்கல் செய்யும்போது மறக்காமல் கேட்டு வாங்கினால் சரி.

ஆயுள் வரியைப் பார்த்து மிரண்டு புதுச்சேரிப் பதிவைப் பற்றி யோசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை ஓரிடத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். முகவரியே பொய் என்றால் அது வேறு வழக்கு. பழைய வண்ணாரப்பேட்டையில் தினமும் நிற்கும் காருக்கு இந்த வழி தலைவலிதான்.

இறக்குமதி வரி குறையப் போகிறதாமே, காத்திருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து இது சுற்றுகிறது. முழுதாகக் கட்டி இறக்கும் காருக்குத்தான் 70, 110 சதவீதம் என்ற அளவில் சுங்கம். பி.எம்.டபிள்யூவின் எக்ஸ்1, '2 சீரிஸ் கிரான் கூபே' போன்றவை சிங்கபெருமாள் கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பூட்டப்படுகின்றன. மெர்சிடிஸ் புனே அருகே சாக்கனில், வால்வோ பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேயில். இவற்றுக்குப் பாகங்களின் சுங்கம் மட்டுமே. அது மிகக் குறைவு. இந்த வகையில் காத்திருந்து பெரிதாக மிச்சப்படாது. உண்மையில் விலையை ஆட்டுவது யூரோ. 2025இல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. பாகங்களின் விலை யூரோவில் இருப்பதால் ஜி.எஸ்.டி.யில் கிடைத்ததில் ஒரு பகுதியை அது தின்றுவிடும்.

பெட்ரோலா, டீசலா, பேட்டரியா?

தினசரி ஓட்டம் எப்படி என்பதே இங்கே பதில்.

டீசல்: ராயபுரத்து வீட்டுக்கும் மண்ணடிக் கடைக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர் ஊர்ந்து போய்வரும் காருக்கு இப்போதைய டீசல் சரிப்படாது. பி.எஸ்.6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களின் புகைக்குழாயில் புகைத்துகள் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரியை அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். சூடேறும் முன்பே நின்றுவிடும் குட்டிப் பயணங்கள் தொடர்ந்தால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். வாரா வாரம் நெல்லூர், திருப்பதி, சூளூர்பேட்டை என்று தேசிய நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு டீசல் அருமை. எக்ஸ்1 டீசல் 150 குதிரைத்திறன், ஜி.எல்.ஏ. 220டி 190, இரண்டுக்கும் இழுவை தாராளம்.

பெட்ரோல்: ஊருக்குள் ஓட்டத்துக்கு இதுதான் தொல்லை இல்லாதது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். புதிய கார்கள் அதற்கேற்றபடி வருகின்றன. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிபடும். பழைய கார் வாங்குபவர் மட்டும் அந்த ஆண்டு மாடலுக்கு இ20 ஆகுமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். இந்த வகைப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். வேகத்தில் வெண்ணெய். மணலி விரைவுச் சாலையில் லாரி வரிசைக்குப் பின்னால் அடி அடியாக நகரும்போது லேசாக உதறும். டெஸ்ட் டிரைவில் காட்ட மாட்டார்கள்; நீங்களாகத்தான் நெரிசல் நேரத்தில் கேட்டு வாங்கி ஓட்ட வேண்டும்.

எலக்ட்ரிக்: கணக்கு இங்கே தலைகீழாகிறது. பேட்டரி காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஷோரூம் விலை 50 லட்சம் என்றால் அதில் வரி வெறும் 2.38 லட்சம். அதாவது அதே விலைப் பெட்ரோல் காரில் 35.71 லட்சத்துக்குப் பொருள், இதில் 47.62 லட்சத்துக்குப் பொருள். தமிழ்நாட்டில் பேட்டரி வண்டிகளுக்கு ஆயுள் வரி விலக்கு அரசாணை மூலம் காலக்கெடு வைத்து வழங்கப்பட்டு வந்திருக்கிறது. உங்கள் கார் பதிவாகும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் தொங்குவது 10 லட்சம்.

பி.எம்.டபிள்யூ 2025 ஜனவரியில் கொண்டுவந்த நீள ஐஎக்ஸ்1 (எக்ஸ்1இன் நீட்டிய எலக்ட்ரிக் வடிவம், 66.4 கிலோவாட் மணி பேட்டரி) அறிமுக விலை 49 லட்சம், அப்போதைய எக்ஸ்1 பெட்ரோலுக்கு மிகப் பக்கம். வால்வோ இ.எக்ஸ்.30 அதே ஆண்டு 41 லட்சத்தில் வந்தது. என் பார்வையில், சார்ஜ் செய்ய இடமிருப்பவர் இந்த வகையில் பெட்ரோல் கார் எடுப்பதற்கு இப்போது வலுவான காரணம் கிடையாது. ஆனால் 'இடமிருப்பவர்' என்ற சொல்லில்தான் வடசென்னையின் பாதிப் பேர் வெளியே போய்விடுகிறார்கள். வேகமான வீட்டு சார்ஜருக்கு மும்முனை மின் இணைப்பும், கார் நிற்கும் இடத்திலேயே சுவரும் வேண்டும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் கார் தெருவில்தான் நிற்கிறது. மூன்றாவது மாடியிலிருந்து ஒயர் தொங்கவிட்டு 50 லட்ச ரூபாய் காருக்கு சார்ஜ் போட முடியாது, போடவும் கூடாது.

தெருவும் கேட்டும்

ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு டேப் எடுத்து வீட்டில் அளக்க வேண்டியவை:

1. கேட் அகலம். இந்தக் கார்களின் உடல் அகலம் சுமார் 1.85 மீட்டர், பக்கக் கண்ணாடியோடு இரண்டு மீட்டரைத் தாண்டும். 8 அடி கேட் என்பது 2.44 மீட்டர். கண்ணாடி விரித்தபடி நுழைந்தால் பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிஞ்சாது.

2. திரும்பும் வட்டம். சுமார் 11.5 மீட்டர் வேண்டும். 20 அடித் தெரு 6 மீட்டர்தான். எதிரே ஒரு மீன்பாடி வண்டி நின்றால் முன்னும் பின்னும் நாலு முறை ஒடிக்க வேண்டிவரும். 360 டிகிரி கேமரா இங்கே ஆடம்பரம் இல்லை, அவசியம். எந்த வேரியண்டில் அது இருக்கிறதோ அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். சன்ரூஃபுக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

3. ஏறி இறங்கும் உயரம். 2 சீரிஸ் கிரான் கூபே போன்ற தாழ்ந்த கார்கள் பார்க்க அழகு. சரிந்த கூரையால் பின்னிருக்கையில் தலை இடிக்கும். புடவை கட்டிய வயதான அம்மா குனிந்து ஏறுவதற்குள் பின்னால் நாலு ஆட்டோ ஹாரன் அடிக்கும். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போய் உட்கார வைத்துப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் பின்பக்கத் தரையின் நடுவே மேடு இருக்கும். நடுவில் உட்காருபவருக்கு அது தண்டனை.

டயர் பற்றி ஒரு வார்த்தை. டயரில் 225/55 ஆர்18 என்று எழுதியிருந்தால் அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 124 மி.மீ. அதுவே 225/40 ஆர்19 என்றால் சுவர் 90 மி.மீ.தான். பெரிய ரிம் போட்ட ஸ்போர்ட்ஸ் வேரியண்ட் போட்டோவில் கம்பீரம். லாரிகள் தோண்டிய பள்ளத்தில் இறங்கினால் அடியைத் தாங்க ரப்பர் இல்லை. டயர் பக்கவாட்டில் புடைக்கும், ரிம்மும் வளையும். எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் தினமும் ஓடுபவர் சின்ன ரிம் வேரியண்டையே கேட்க வேண்டும். ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை பஞ்சர் கிட் மட்டும்தானா என்பதையும் பின்கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்

வடசென்னையில் கார் வாங்கும் பேச்சில் இதைத் தவிர்க்க முடியாது. 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று இரண்டு பெரிய வெள்ளங்களை விடுங்கள். சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்படும், வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருக்கள் நிறையும்.

பெட்ரோல், டீசல் என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. காற்று நுழையும் வாய் பெரும்பாலும் முன்புற கிரில்லுக்குப் பின்னால், விளக்கு உயரத்தை ஒட்டி இருக்கும். எதிரே வரும் லாரி கிளப்பும் அலை அந்த உயரத்தை எட்டிவிடும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் இணைப்புக் கம்பி வளையும், சில சமயம் என்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதைத்தான் ஹைட்ரோஸ்டேடிக் லாக் என்கிறார்கள். சொகுசு காரில் புது என்ஜின் என்பது ஒரு சாதாரண கார் விலை.

மனதில் வைத்துக்கொள்ள ஓர் அளவு: சக்கரத்தின் பாதி உயரம். 18 அங்குல ரிம் போட்ட எஸ்.யூ.வி.யில் அது சுமார் 35 செ.மீ. அதற்கு மேல் தண்ணீர் தெரிந்தால் திரும்பிவிட வேண்டும். பாதி வழியில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தை டிரைவருக்கும், வண்டியை எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது எந்த ஆட்-ஆனைவிடவும் (இன்ஷூரன்ஸில் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) பெரிய காப்பீடு.

எலக்ட்ரிக் காரில் உறிஞ்சும் வாய் இல்லை, அதனால் இந்த ஆபத்தும் இல்லை. பேட்டரிப் பெட்டிகளுக்குச் சொல்லப்படும் ஐ.பி.67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நீர் புகாமல் இருக்க வேண்டும் என்ற சோதனை. இரண்டு நாள் சாக்கடை கலந்த நீரில் கிடக்கும் காருக்கு அந்தச் சோதனை பொருந்தாது. கடலோரத்தில் உப்பு நீர் என்றால் இன்னும் மோசம். ஆக, தாழ்வான இடத்தில் கார் நிறுத்துபவருக்கு எந்த எரிபொருளும் தீர்வு தராது. மழை எச்சரிக்கை வந்ததும் ஏற்ற வேண்டிய மேம்பாலத்தையோ, உயரமான பார்க்கிங்கையோ முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அடித்தளப் பார்க்கிங் உள்ள புது ஃபிளாட்டுகளில் குடியிருப்போர் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

இன்ஷூரன்ஸில் எதைக் கேட்டு வாங்குவது?

'ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு' என்ற நம்பிக்கையில் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, மேலே சொன்ன என்ஜின். சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்தைப் 'பின்விளைவு' என்று தள்ளிவிடும். அதற்கு என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக வேண்டும்.

இரண்டாவது, தேய்மானம். காப்பீட்டு மதிப்பு ஆண்டுக்காண்டு ஒரு பட்டியல்படி இறங்கும்: ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் 20 சதவீதம், மூன்றாண்டுக்குள் 30, நாலாண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50. ஷோரூம் விலை 50 லட்சம் கார் நாலாவது ஆண்டில் திருடுபோனாலோ முழுக்க நாசமானாலோ மதிப்பு 30 லட்சம்தான். நீங்கள் கட்டிய 10 லட்சம் ஆயுள் வரி இந்தக் கணக்கிலேயே கிடையாது. முதல் சில ஆண்டுகளுக்கு 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் எடுத்தால் வாங்கிய விலை திரும்பும். ஆயுள் வரியும் அதில் சேருமா என்று பாலிசி வாசகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள் என்பதால் இப்படிக் கழிக்காத 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் இல்லாமல் இந்தக் கார்களைத் தெருவில் இறக்கவே கூடாது. பம்பரும் விளக்கும் எல்லாம் பிளாஸ்டிக்தான்; பைக் உரசுவது பம்பரில்தான்.

டீலர் கொடுக்கும் பாலிசியையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசினால் டீலரே இறங்கி வருவார்.

காற்றும் சர்வீஸும்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் ஏ.சி. கன்டென்சர், பிரேக் டிஸ்க், அடிப்பாகம் சீக்கிரம் அரிக்கும். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் ஆயுள் கூடும். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கும் இடங்களில் கேபின் ஃபில்டரை கையேடு சொல்வதற்கு முன்பே மாற்ற வேண்டும். காரின் மேல் படிந்த சாம்பலை உலர் துணியால் துடைத்தால் பெயின்ட் கீறும்.

சொகுசு பிராண்டுகளின் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் நகரின் நடுவிலும் தெற்கிலும்தான். திருவொற்றியூரிலிருந்து கிண்டி போய்வர அரை நாள். வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போய் விடும் வசதி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடை பெயரில் வாங்கினால் லாபமா?

நம் பகுதியில் இந்தக் கார்களை வாங்குபவர்களில் கணிசமானோர் வியாபாரிகள்: சவுகார்பேட்டை மொத்தக் கடை, துறைமுக ஏஜென்சி, லாரி புக்கிங். 'கம்பெனி பெயரில் எடுத்தால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும்' என்ற பேச்சு அங்கே பலமாக உண்டு. கிடைக்காது. 13 பேர் வரை உட்காரும் பயணி வண்டிகளுக்கு உள்ளீட்டு வரி வரவை ஜி.எஸ்.டி. சட்டம் தடுக்கிறது. வண்டி விற்பவர், பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு.

கிடைப்பது வருமான வரியில் தேய்மானம். வரவு எடுக்காத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்த விலையில் ஆண்டுக்கு 15 சதவீதம், மீதி மதிப்பில். 50 லட்சம் என்றால் முதல் ஆண்டு 7.5 லட்சம், அடுத்த ஆண்டு சுமார் 6.38 லட்சம். எலக்ட்ரிக் காருக்கு விகிதம் 40 சதவீதம், முதல் ஆண்டே 20 லட்சம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். அக்டோபர் தொடங்கியபின் டெலிவரி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது செலவுக் கணக்கு, கைக்கு வரும் பணம் இல்லை. 30 சதவீத வரியில் இருப்பவருக்கு 7.5 லட்சத் தேய்மானத்தால் மிச்சம் சுமார் இரண்டேகால் லட்சம். சொந்த உபயோகப் பங்கை அதிகாரி கழிக்கவும் கூடும். பின்னாளில் கடை பெயரிலுள்ள காரை விற்கும்போது, விற்ற விலை மீதி மதிப்பைவிட அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, குறைவாக இருந்தால் இல்லை.

சரி, எதை எடுப்பது?

மேலே சொன்ன வரிசையிலேயே வடிகட்டினால் பெயர்கள் தாமாகக் குறையும்.

வீட்டில் மூடிய பார்க்கிங், மும்முனை இணைப்பு, மேட்டுத் தெரு என்று மூன்றும் அமைந்தவருக்கு எலக்ட்ரிக். கொளத்தூர், மாதவரம் பக்கத்துத் தனி வீடுகளில் இது சாத்தியம். பெரிய குடும்பம் என்றால் நீள ஐஎக்ஸ்1இன் பின்னிருக்கை வசதி. இரண்டு பேர், நெருக்கமான தெரு என்றால் அதைவிடக் குட்டையான இ.எக்ஸ்.30.

தெருவில் நிறுத்துபவருக்கு, ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு பெட்ரோல். இதில் எக்ஸ்1இன் இடவசதி நல்லது, ஆனால் மூன்று சிலிண்டரின் லேசான அதிர்வு சிலருக்குப் பிடிக்காது. ஜி.எல்.ஏ.வின் உள்ளலங்காரம் மனதைக் கவரும். பின்னிருக்கை எக்ஸ்1 அளவுக்குத் தாராளம் இல்லை. தானே ஓட்டி ரசிப்பவருக்கு க்யூ3இன் 190 குதிரைத்திறன். வாரம் தவறாமல் ஆந்திரா பக்கம் போய்வருபவருக்கு எக்ஸ்1 டீசல் அல்லது ஜி.எல்.ஏ. டீசல்.

லோகோ அவ்வளவு முக்கியம் இல்லை என்று மனம் சொன்னால், இதே பணத்தில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் இருக்கிறது; ஸ்கோடா கோடியாக்கும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன் நிற்க வேண்டும் என்றால் லோகோவும் ஒரு காரணம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காரணத்துக்கு எவ்வளவு பணம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

மூன்று, நாலு வருடம் ஓடிய சொகுசு காரும் இந்தக் கணக்கில் வலுவான போட்டியாளர். மேலே சொன்ன வகை வரிகளை எல்லாம் முதல் உரிமையாளர் கட்டி முடித்திருப்பார். பெயர் மாற்றும்போது ஆயுள் வரி மறுபடி கிடையாது. சென்னையில் பழைய கார் வாங்கும்போது மட்டும் கூடுதலாகச் சில சோதனைகள்: பின்னிருக்கைக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கிப் பார்த்து மண் படிவு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்து அடியில் கறை, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. கூடவே பழைய காப்பீட்டு க்ளெய்ம் விவரத்தையும் சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். 2023 டிசம்பருக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பெரிய பில் ஏதாவது இருந்தால், காரணம் தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.